கிரிஸ்டல், பௌர்ணமி, தேவி வழிபாடு: நம்பிக்கை எதுவரை, வியாபாரம் எங்கிருந்து?

பௌர்ணமி இரவில் ரோஸ் குவார்ட்ஸ் கல்லை ஜன்னலோரம் வைத்து ‘சார்ஜ்’ செய்வது, அமாவாசையன்று வேண்டுதலை எழுதி வைப்பது, பருவம் மாறும்போது ஒரு தேவிக்கு விளக்கேற்றுவது... மேற்கத்திய நாடுகளில் எந்த மத அமைப்பையும் சாராமல் தனக்கென ஒரு வழிபாட்டை அமைத்துக்கொள்பவர்களிடம் இந்தப் பழக்கங்களைப் பார்க்கலாம். சமூக வலைதளங்கள் வழியே இவை நம்மூருக்கும் வந்துவிட்டன. ஸ்படிக மாலையும் பௌர்ணமி கிரிவலமும் தெரிந்த நமக்கு ‘இதுவும் அதுதானே’ என்று தோன்றலாம். உண்மையில் அப்படித்தானா?

இவை எவ்வளவு பழையவை?

பாதி பழசு, பாதி புதுசு. அயர்லாந்தின் பிரிஜிட் இதற்கு நல்ல உதாரணம். கிறிஸ்தவத்துக்கு முந்தைய தேவியின் பெயர் அது. கில்டேர் ஊரின் புனிதரின் பெயரும் அதுவே. வசந்தத்தின் தொடக்கமான பிப்ரவரி 1 அவருக்குரிய நாள். 1993-ல் கில்டேரில் கன்னியாஸ்திரிகள் அவர் பெயரிலான தீபத்தை மீண்டும் ஏற்றினார்கள். 2023 முதல் அந்தத் திருநாளுக்கு அரசு விடுமுறையும் உண்டு.

ஆனால், இன்று பலர் பின்பற்றும் எட்டு விழாக்கள் கொண்ட ‘ஆண்டுச் சக்கரம்’, 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனின் விக்கா, ட்ரூயிட் குழுக்கள் பழைய திருநாள்களைக் கோத்து உருவாக்கியது. 1735-ம் ஆண்டு சூனியச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்ட பிறகுதான் விக்கா வெளியே தெரியத் தொடங்கியது.

கல்லில் சக்தி இருக்கிறதா?

கடிகாரத்தில் இருக்கும் குவார்ட்ஸ் விநாடிக்கு 32,768 முறை அதிர்வது உண்மை. ஆனால், பேட்டரியின் மின்சாரம் இருந்தால்தான் அது அதிரும். சும்மா கையில் பிடித்தால் அதிராது.

2001-ல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் 80 பேரைத் தியானம் செய்ய வைத்தார். பாதிப் பேருக்கு அசல் கிரிஸ்டல், மீதிப் பேருக்குப் போலி. உடலில் சூடு, கூச்சம் போன்றவற்றை இரு தரப்பினருமே உணர்ந்தார்கள். என்னென்ன உணரலாம் என்று முன்கூட்டியே கேட்டவர்கள் அதிகமாக உணர்ந்தார்கள். அதாவது, அனுபவம் பொய்யில்லை. அதற்குக் காரணம் கல் இல்லை.

சிக்கல் எங்கே?

முதல் சிக்கல், மருத்துவ வாக்குறுதி. ஜேட் கல் முட்டை ஹார்மோன்களைச் சீராக்கும் என்று சொல்லி விற்ற அமெரிக்காவின் கூப் நிறுவனம், ஆதாரமில்லாத விளம்பரம் தொடர்பான வழக்கை முடிக்க 2018-ல் 1,45,000 டாலர் செலுத்தியது. கல்லை ஊறவைத்த தண்ணீரைக் குடிப்பதும் ஆபத்து. பச்சை நிற மாலகைட்டில் செம்பு இருக்கிறது.

இரண்டாவது சிக்கல், கல் வரும் வழி. மடகாஸ்கரில் ரோஸ் குவார்ட்ஸை அனுமதியில்லாத சிறு சுரங்கங்களில் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கையால் தோண்டுகிறார்கள். குழந்தைகளும் வேலை செய்கிறார்கள். மியான்மரின் பகாந்த் ஜேட் சுரங்கத்தில் 2020 ஜூலை 2 அன்று கனமழையில் கழிவு மண்மேடு சரிந்து 170-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் கழிவு மண்ணில் மிச்சக் கல் பொறுக்கப் போன ஏழைகள். ‘மனஅமைதி தரும்’ என்று விற்கப்படும் கல்லின் விலையில் இதெல்லாம் தெரிவதில்லை.

அப்படியென்றால் விட்டுவிட வேண்டுமா?

தேவையில்லை. பௌர்ணமியன்று பத்து நிமிடம் அமைதியாக உட்காருவதும், பருவத்தைக் கவனித்து விளக்கேற்றுவதும் மனதுக்கு இதம்தான். நிலாவைப் பார்க்கக் காசும் வேண்டாம். ஆனால், மாத்திரையை நிறுத்திவிட்டுக் கல்லை நம்பக் கூடாது. அப்படியும் கல் வாங்க ஆசையென்றால், ‘இது எந்த நாட்டு, எந்தச் சுரங்கத்துக் கல்?’ என்று கடைக்காரரிடம் கேட்கலாம். பதில் இல்லையென்றால் வாங்காமல் வந்துவிடலாம்.