விறகுக்கும் ஒரு கூரை வேண்டும்

கமுதிப் பக்கம் எங்கள் ஊரில் கேஸ் அடுப்பு இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். ஆனாலும் பொழுது சாய்ந்தால் தெருவெல்லாம் விறகுப் புகை. காப்பி போட, பிள்ளைக்குப் பால் காய்ச்ச கேஸ். சோறு வடிக்கவும், வெந்நீர் போடவும், மாட்டுக்குத் தவிடு காய்ச்சவும் விறகு. 14.2 கிலோ சிலிண்டரை மாதக்கணக்கில் இழுத்துப் பிடிக்கிற கூலிக்காரக் குடும்பத்துக்கு வேறு வழியில்லை. 2006-இல் வந்த மாநில அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016 மே மாதம் கேஸ் இணைப்புக்கான உஜ்வாலா திட்டம் தொடங்கியது. இரண்டுமே பெண்களுக்குப் பெரிய உதவி. ஆனால் இணைப்பு கொடுத்ததோடு விறகு ஒழிந்தது என்று அதிகாரிகள் எழுதிவைத்துவிட்டார்கள். அதனால் விறகு எரிக்கிறவளின் கண்ணையும் நெஞ்சையும் பற்றிப் பேச இன்று ஆளில்லை.

நான் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். கேஸ் வரும்வரை அங்கே விறகுதான். மணி பன்னிரண்டரைக்குப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது உலை கொதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அதனால் விறகைத் தொட்டுப் பார்த்து வாங்கக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் சீமைக்கருவேலம். தண்ணீரைக் குடித்துவிட்டது, கண்மாயை அடைத்துவிட்டது என்று அதைத் திட்டாதவர் இல்லை; திட்டுவதில் நியாயமும் உண்டு. அடுப்புக்கு மட்டும் அதைப்போல நின்று எரிகிற மரம் இந்த வறண்ட சீமையில் இல்லை. கங்கு கனமாக விழும், சாம்பல் குறைவு. மரத்தை ஏலம் எடுத்தவர்கள் தடித்த கட்டையை லாரியில் ஏற்றிவிடுவார்கள். தூர் கரிமூட்டத்துக்குப் போய்விடும். மிச்சம் கிடக்கிற முள்ளும் மிலாறும்தான் எங்கள் பெண்களுக்கு. கவைக்கம்பால் முள்ளைத் தள்ளி, அரிவாளால் கழித்து, சும்மாடு வைத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். முள் குத்தின இடம் நாலு நாள் கடுக்கும்.

புளிய விறகு பிளக்கப் பாடுபடுத்தும். நார் முறுக்கிக்கொண்டு கோடாலியை விடாது. ஆனால் ஒரு கட்டை செருகினால் ஒரு பானைச் சோறு வெந்துவிடும். சவுக்கு கிடைத்தால் பாக்கியம், அரைப்பச்சையிலேயே எரியும். முருங்கை ஆகவே ஆகாது. பஞ்சு மாதிரிப் பொசுங்கிப்போகும். பருத்திமாரும் பனை மட்டையும் மூட்டுவதற்கு நல்லது, நின்று எரியாது. மிளகாய் மாரைக் காய் ஒன்றுகூட ஒட்டியிராமல் உதறிவிட்டுத்தான் அடுப்பில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடே இருமும்.

எந்த மரமானாலும் ஈரம் போகாவிட்டால் பயனில்லை. பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகிறவரை சூட்டை அதுவே தின்றுவிடும், பானைக்கு வந்து சேராது. கட்டையின் முனையில் நுரை தள்ளிச் சீறும். தீ முழுதாகப் பிடிக்காததால் புகை கக்கும். ஊதுகுழலை வைத்து ஊதி ஊதி அந்தப் புகையைத்தான் சமைக்கிறவள் விழுங்குகிறாள். காய்ந்த விறகிலும் புகை உண்டு, அதுவும் கெடுதல்தான். ஆனால் ஈர விறகின் புகையோடு அதைச் சேர்த்துப் பேசவே முடியாது. காய்ந்திருந்தால் விறகும் குறைவாகத்தான் செலவாகும். சுமக்கிற சுமையும் குறையும்.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுங்கள். கணீரென்று கேட்டால் காய்ந்தது. தொப்பென்று கேட்டால் உள்ளே ஈரம். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், பட்டை விரலால் நெம்பினாலே கழன்று வர வேண்டும். எங்கள் கூடத்துக்கு விறகு போட்டவர் நான் தட்டிப் பார்ப்பதைக் கண்டு முதலில் முகம் சுளித்தார். பிறகு காய்ந்ததையே கொண்டுவந்தார்.

தை, மாசியில் வெட்டி, உருட்டுக் கட்டையை அப்படியே போடாமல் இரண்டாகவாவது பிளந்து, கத்திரி வெயில் முழுக்கக் காயவிட்டால் ஐப்பசி மழைக்கு அடுப்புக்கு ஆகும். பட்டை ஈரத்தை வெளியே விடாது, அதனால்தான் பிளக்கச் சொல்கிறேன். மண்ணில் அடுக்கினால் கறையான் ஏறும். கல்லோ செங்கலோ கொடுத்து மேலே அடுக்க வேண்டும். மேலே மட்டும் மூடி, பக்கமெல்லாம் காற்றுப் போகவிட வேண்டும். தார்ப்பாயால் சுற்றிக் கட்டினால் உள்ளே பூசணம்தான் பூக்கும்.

இதெல்லாம் எங்கள் பெண்களுக்குத் தெரியாததல்ல. அவர்களிடம் இல்லாதது இடம். பழைய கூரை வீட்டில் அடுப்புக்கு மேலே பரண் இருந்தது. அடுப்புச் சூட்டிலேயே விறகு காய்ந்தது. இப்போது கட்டுகிற வீட்டில் பரணும் இல்லை, தாழ்வாரமும் இல்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. 2030-க்குள் 8 லட்சம் வீடு என்பது இலக்கு. மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமையல் இடத்தையும் சேர்த்துக் குறைந்தது 25 சதுர மீட்டர். குடிசையிலிருந்து கான்கிரீட்டுக்கு வந்த குடும்பத்தின் நிம்மதியை நேரில் பார்த்தவள் நான், இந்த வீடுகளைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் விறகு வாசலில் மழையில் நனைகிறது, அல்லது கட்டிலுக்கு அடியில் தேளோடு கிடக்கிறது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. வீட்டின் மேற்குச் சுவரிலோ தெற்குச் சுவரிலோ, ஆறடி நீளம் மூன்றடி அகலத்துக்கு ஒரு தகரச் சாய்ப்பு. எங்களுக்கு மழை வடகிழக்கிலிருந்து அடிக்கிறது, அதனால்தான் மேற்கும் தெற்கும் சொல்கிறேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு திண்டு. வரைபடத்திலேயே இதைப் போட்டு, மானியத்திலேயே சேர்த்துவிடுங்கள். கூடவே, ரோட்டோரம் விழுகிற மரத்தையும் மின்கம்பிக்காகக் கழிக்கிற கிளையையும் குப்பையோடு கொளுத்தாமல், துண்டு போட்டு விறகு எரிக்கிற வீடுகளுக்கு ஊராட்சி கொடுக்கட்டும்.

அடுத்த கிராம சபை எப்போது கூடினாலும், தாய்மார்களே, நீங்கள் எழுந்து நின்று இதைக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.