முன்னே ஒரு பை

மோட்டார் சைக்கிளின் முன்புறத்திற் சிறு பையொன்றைப் பொருத்துவது பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவதா எனப் புலமை சான்ற நண்பர் சிலர் நகைத்தல் கூடும். அப்பையினுள் இருப்பன நூல்களும் மாணவரின் கட்டுரைகளுமாயின், அஃது இலக்கியத்தின் பாற்பட்டதேயாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தலவாக்கலையிலிருந்து நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு வந்துகொண்டிருந்தேன். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரை நெருங்க நெருங்க மூடுபனி வழியை மறைத்தது. மாணவரின் கட்டுரைக் கொப்பிகளைப் பின்னிருக்கையில் இறப்பர் நாடாவினாற் கட்டியிருந்தேன். வீடு சேர்ந்து பார்த்தால், கட்டு நெகிழ்ந்திருந்தது. நான்கு கொப்பிகளைக் காணவில்லை. எஞ்சியவற்றில் மை கரைந்திருந்தது. மறுநாள், கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகள், "சேர், என் கட்டுரைய வாசிச்சீங்களா?" என வினவினாள். காணாமற் போனவற்றுள் அவளதும் ஒன்று. விடை கூற இயலாது நாணி நின்றேன்.

பின்னாற் கட்டிய பொருள் விழுந்தாலும் ஓட்டுவோன் அறியான். முன்னே இருப்பதோ எப்பொழுதும் அவன் பார்வையில் உள்ளது. ஆதலின், மலைநாட்டுப் பள்ளிகளுக்குச் செல்லும் ஆசிரியர் ஒவ்வொருவரும் முன்னே ஒரு சிறு பை பொருத்திக்கொள்ளல் நன்று என்பது என் கருத்து.

முன்புறச் சுமை ஆபத்தன்றோ என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. கைபிடியிற் பாரம் தொங்கினால், வளைவுகளில் அது கைபிடியோடு சேர்ந்து திரும்பித் தடுமாறச் செய்யும். பெற்றோல் தாங்கியின்மேல் வாரினாற் கட்டிய பை அவ்வாறு திரும்பாது, அதுவே சிறந்தது. கைபிடியிலேதான் கட்டுவதாயின் பை மிகச் சிறிதாய், பாரம் நடுவில் அமைதல் வேண்டும். எவ்விடத்துக் கட்டினும், கைபிடியை இருபுறமும் முற்றத் திருப்பிப் பார்த்து, பிறேக் கம்பியை அழுத்தாமலும் விளக்கை மறையாமலும் உளதா என அறிந்த பின்னரே புறப்படுக. நூல்களைப் பொலித்தீனிற் சுற்றுதலும் இன்றியமையாதது.

தோட்டங்களுக்குள் வெளியார் நுழைவது அரிதாயிருந்த காலத்தில், தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் துணி வியாபாரியின் கோலத்தில் உட்சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார்; 1931 ஆம் ஆண்டில் அவர்களுக்கெனச் சம்மேளனமும் நிறுவினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் தாம் இயற்றிய பாட்டுக்களைக் கூட்டங்களிற் பாடியும் அச்சிட்டு வழங்கியும் வந்தார். இம்மலைகளில் எழுத்து இவ்வாறே மக்கள் கைக்குக் கைமாறி ஏறியது. இன்று நமக்குத் தடையில்லை, வாகனமும் உண்டு. ஐந்து நூல்களைக் கொண்டு செல்ல யாது தயக்கம்?

ஒரு பை நூலகம் ஆகாது. தோட்டந்தோறும் நூலகம் அமைத்தல் அரசின் கடமை. நம் பையைக் காட்டி அக்கடமையினின்று எவரும் நீங்கலாகாது. எனினும் அந்நாள் வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டுமோ?

என் பையில் இப்பொழுது முதலில் வைப்பது அம்மாணவியின் கொப்பியே. அவள் அக்கட்டுரையை மீண்டும் எழுதித் தந்தாள். அது நனையாமல் வீடு வந்து சேர்ந்தது.