பன்றிக்கு வைத்த தடத்தில் மான்: திருகோணமலையின் காடும் வயலும்

திருகோணமலையில் மானைப் பார்க்க விரும்புபவர் இன்று காட்டுக்குப் போகத் தேவையில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், இராணுவம் நிலைகொண்டிருக்கும் பிரெட்றிக் கோட்டைக்குள்ளேயே புள்ளிமான்கள் நிற்கின்றன. கோயிலுக்கு வருபவர்கள் கொடுக்கும் பழத்தைத் தின்கின்றன, சுற்றுலாப் பயணிகளின் படங்களில் விழுகின்றன. இன்னும் சில நகர வீதிகளில் குப்பை மேய்கின்றன. இறந்த மான்களின் வயிற்றிலிருந்து பொலித்தீன் எடுக்கப்பட்ட செய்திகள் இங்கு புதியவை அல்ல.

ஆனால் குச்சவெளி, மூதூர், வெருகல் பக்கத்துக் கமக்காரர்களிடம் மானைப் பற்றிக் கேட்டால், பேச்சு பெரும்பாலும் பன்றியில்தான் போய் முடியும். மான் போய்விட்டது, பன்றி பெருகிவிட்டது. ஆகவே பன்றிதான் மானைத் துரத்திவிட்டது என்பது ஊரில் பரவலாக உள்ள விளக்கம். இந்த விளக்கத்தைச் சற்று உரசிப் பார்ப்பது அவசியம். ஏனெனில் பன்றியைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டால், உண்மையான கேள்விகள் பலவற்றை யாரும் கேட்காமலே கடந்துவிட முடியும்.

அதில் பாதி உண்மை உண்டு. வரண்ட வலயக் காட்டில் பாலையும் வீரையும் பழுக்கும் காலத்தில் கீழே விழும் பழத்துக்கு மானும் பன்றியும் ஒன்றாகவே வருகின்றன. பன்றி நிலத்தை உழுது கிழங்கையும் வேரையும் கிளறிவிடும். குளத்தின் ஓரச் சேற்றைக் கலக்கிவிடும். பிறந்த மான்குட்டி தனியே கிடந்தால் அதையும் விடாது. ஆனால் இவ்விரண்டும் இத்தீவில் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக ஒரே காட்டில் வாழ்ந்துவந்தவை. ஒன்று மற்றொன்றை ஒழிக்கவில்லை.

பன்றியால் மான் குறைகிறது என்ற வாதம் அதிகம் கேட்பது அமெரிக்காவில். அங்கே பன்றி மண்ணுக்குரிய பிராணி அல்ல. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கப்பலில் கொண்டுபோனது. பின்னர் வேட்டைப் பொழுதுபோக்குக்காக மனிதரே லொறிகளில் ஏற்றிப் புதிய மாநிலங்களில் அவிழ்த்துவிட்டார்கள். இன்று அது அங்கே பல மில்லியன். அந்தக் கதையை அப்படியே எடுத்து இங்கே பொருத்த முடியாது. இங்கே பன்றி வந்தேறி அல்ல. மாறியது பன்றி அல்ல, அதைச் சுற்றியிருந்த நிலம்.

காட்டுப்பன்றி ஏறத்தாழ 115 நாட்களில் ஈனும். ஒரு ஈற்றில் நான்கு, ஐந்து, சிலவேளை அதற்கும் மேல். புள்ளிமான் ஏழு மாதங்களுக்கு மேல் சுமந்து வழக்கமாக ஒரேயொரு குட்டி போடும். ஒரே தடம், ஒரே துவக்கு, ஒரே வெடி இரண்டையும் சமமாகக் கொன்றால் சில ஆண்டுகளில் எது மிஞ்சும் என்று கணக்குப் போடப் பெரிய படிப்பு வேண்டாம். மான் தொகை குறைவதற்குப் பன்றி மானோடு சண்டையிட வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே அளவில் கொன்றாலே போதும்.

இனி நிலத்துக்கு வருவோம். தென்னமரவாடி மக்கள் 1984 டிசம்பரில் துரத்தப்பட்டார்கள். அவர்கள் திரும்பத் தொடங்கியது யுத்தம் முடிந்த பிறகு; இடையில் கால் நூற்றாண்டு. சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை மக்கள் 2006இல் வெளியேறினார்கள். 2007 மேயில் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அனல்மின் நிலையத்துக்கென்றும் முதலீட்டு வலயத்துக்கென்றும் காணி எடுக்கப்பட்டது. 2015இல் 818 ஏக்கரும், 2016இல் கடற்படை முகாமாக இருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் சூரிய மின்திட்டம் ஆரம்பித்துவைக்கப்பட்டது. நிலம் கைமாறிக் கைமாறி வந்த இந்த ஆண்டுகளில் உழப்படாத வயல் என்னவாகும்? முதலில் புல், பிறகு பற்றை, பிறகு முட்காடு. வரம்பு தெரியாது, வாய்க்கால் தூர்ந்துவிடும், சிறுகுளம் சேற்றுக் குட்டையாகும். பகலில் படுத்திருக்க அடர்ந்த பற்றை, உருளச் சேறு, நடந்துபோகும் தூரத்தில் யாரோ ஒருவரின் பயிர். பன்றிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பற்றையும் புல்வெளியும் கலந்த இடத்தை மானும் விரும்பும் என்பது உண்மை. யுத்தத்தின்போது ஆள் நுழையாத காடுகளில் அது பிழைத்துத்தான் இருந்தது. யுத்தம் முடிந்து வீதி வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது, மின்சாரமும் குளிர்சாதனப் பெட்டியும் வந்தன. முன்பு ஒரு மான் விழுந்தால் ஊர் பங்குபோட்டுத் தின்னும், மிஞ்சினால் வத்தல். இப்போது வேட்டை இறைச்சி தொலைபேசியில் பேசி விற்கப்படும் பண்டம்.

திரும்பிவந்த கமக்காரர் கையில் என்ன இருந்தது என்பது அடுத்த விடயம். யுத்தத்துக்கு முன்னர் பயிர்க்காவலுக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கு இருந்தன. யுத்தம் தொடங்கியதும் தமிழர் கையில் துவக்கு இருப்பதே ஆபத்தானது, அவை போய்விட்டன. அதே காலத்தில் எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படைக்கு அரசே துவக்கு கொடுத்தது. இன்று அனுமதிப்பத்திரம் கேட்டு விண்ணப்பிக்கும் ஒரு மீள்குடியேறிய தமிழர், பாதுகாப்பு அமைச்சு வரை போகும் ஒரு நடைமுறைக்குள் நுழையவேண்டும். அவருடைய கடந்தகாலமும் அந்தக் கோப்புக்குள் வரும். பெரும்பாலானவர்கள் கேட்பதேயில்லை.

துவக்கு இல்லாத இடத்தில் வருவது தடம். மோட்டார் சைக்கிளின் பிறேக் கேபிளில் சுருக்குப் போட்டு வேலியோரம் வைப்பது. அதற்கு மேல் கள்ள மின்சாரக் கம்பி, கட்டுத்துவக்கு, ஹக்கபட்டாஸ். பழத்துக்குள் வெடிமருந்து வைத்துக் கட்டும் இந்த ஹக்கபட்டாஸ் பன்றிக்கென்றே உருவானது. ஆனால் அதைக் கடித்து வாய் சிதறிப் பல நாட்கள் பட்டினி கிடந்து சாவது யானை. குறிப்பாக இளம் யானை. 2023இல் இலங்கையில் 450க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. துப்பாக்கிச்சூட்டோடும் மின்சாரத்தோடும் இந்த வெடியும் அவற்றின் முக்கிய காரணங்களில் ஒன்று. மலையகத்தில் 2020 மேயில் நல்லதண்ணிப் பகுதியில் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பித் தடத்தில் அகப்பட்டு இறந்தபோது நாடே பேசியது. அத்தகைய தடங்களும் பெரும்பாலும் பன்றிக்கென வைக்கப்படுபவையே. மின்சாரக் கம்பியில் மிதித்து மனிதர் இறப்பதும் நடக்கிறது. ஒரு மான் தடத்தில் விழுந்தால் மட்டும் செய்தி இல்லை, ஏனென்றால் அது சமையலறைக்குப் போய்விடும்.

சட்டம் இங்கே விநோதமாக நிற்கிறது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் புள்ளிமானும் மரையும் பாதுகாக்கப்பட்டவை. காட்டுப்பன்றி அந்தப் பாதுகாப்புக்குள் வராது. பயிரழிக்கும் பன்றியைக் கொல்லலாம், மானைக் கொல்லக் கூடாது. ஆனால் பன்றியை மட்டும் தெரிந்தெடுத்துக் கொல்லக்கூடிய கருவி அனுமதிப்பத்திரமுள்ள துவக்குத்தான். அது கைக்கு வராத ஊரில் மிஞ்சுவது தடமும் வெடியும். தடத்துக்குச் சட்டத்தின் அட்டவணை தெரியாது.

மூதூர் கிழக்கில் பாட்டாளிபுரம், மலைமுந்தல், இலக்கந்தை போன்ற ஊர்களில் வாழும் கரையோரப் பூர்வீகக் குடிகளுக்கு இது இன்னும் நெருக்கமான விடயம். தமிழ் பேசும் இந்த வேடர் சமூகத்துக்கு வேட்டை பொழுதுபோக்கு அல்ல. தேன், கிழங்கு, மீன், விறகு, சேனை ஆகியவற்றோடு சேர்ந்த வாழ்வு அது. காட்டை வேட்டைநிலம் என்று உரிமையோடு சொல்லக்கூடியவர்கள் இந்த மாவட்டத்தில் யாரென்று கேட்டால் அவர்கள்தான். இன்று அவர்கள் காட்டுக்குள் போவது அத்துமீறல்; ஆனால் அதே காட்டில் கேபிளோடு இறங்கும் இறைச்சி வியாபாரி இரவோடு இரவாக வந்து போய்விடுகிறார். எந்த மரத்தடியில் எப்போது மான் வரும், எந்த மாதம் பெட்டை சினையாக இருக்கும் என்று அறிந்தவர்களின் அறிவைப் பாதுகாப்புக்குப் பயன்படுத்த எந்தத் திணைக்களமும் முயலவில்லை என்பதே என் கவலை.

திணைக்களங்கள் என்றதும் வாசகருக்கு எல்லைக்கல் ஞாபகம் வரும். துறைமுகத்தைச் சூழ்ந்த கடற்படைத் தலைநீர்ப்பகுதிச் சரணாலயம் 1963இலேயே பிரகடனமானது. அதுபோன்ற பழைய ஒதுக்கங்கள் வேறு. யுத்தத்துக்குப் பின்னர் வனவளத் திணைக்களம் கல் நாட்டிய இடங்கள் பல, மக்கள் இல்லாத காலத்தில் வயல் பற்றையாகி, பற்றை காடாகத் தெரிந்த இடங்கள். வடக்கு, கிழக்கில் காட்டு எல்லைகளை 1985ஆம் ஆண்டு வரைபடத்தின்படி தீர்மானிக்குமாறு 2023இல் அப்போதைய ஜனாதிபதி பணித்தார். களத்தில் சிக்கல் தீரவில்லை. இதன் நடைமுறை விளைவு இப்படி: ஒருவருக்கு இரண்டு ஏக்கர் செய்யக் கிடைக்கிறது. அடுத்த மூன்று ஏக்கர், அவருடைய தகப்பன் செய்தது, கல்லுக்கு அப்பால் பற்றையாகக் கிடக்கிறது. அதை வெட்டினால் வழக்கு. வெட்டாவிட்டால் பன்றி அங்கேதான் படுத்திருக்கும். நெல் பால்பிடிக்கும் இரவில் இறங்கி வந்து இந்த இரண்டு ஏக்கரையும் உருட்டிவிட்டுத் திரும்பப் போய்ப் படுக்கும்.

அதற்காகக் கல்லுக்கு அப்பால் இருப்பதெல்லாம் வயல்தான் என்று நாமும் சொல்லிவிடக் கூடாது. முதிர்ந்த பாலைக் காடு வேறு, இருபது வருடப் பற்றை வேறு. நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியும். காக்கப்பட வேண்டியது முதலாவது. அதையும் வெட்டித் தாருங்கள் என்று கேட்கும் அரசியல்வாதி கமக்காரருக்காகப் பேசுகிறாரா, மரத்துக்காகப் பேசுகிறாரா என்று சந்தேகிக்க இடமுண்டு.

கொழும்பின் பதில் என்ன? 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கு, மயில் முதலான பயிரழிக்கும் பிராணிகளை எண்ணச் சொன்னது அரசு. ஒரு பிரச்சினை தேசிய அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற வகையில் அது நல்லதே. ஆனால் பன்றி இரவில் வருவது. காலை எட்டு மணிக்கு அது பற்றைக்குள் நித்திரை.

இழப்பீட்டிலும் இதே நிலை. அரசின் இலவசப் பயிர்க்காப்புறுதி வெள்ளம், வரட்சி, காட்டுயானை ஆகிய சேதங்களை மையமாகக் கொண்டது. பன்றி உழுத மரவள்ளித் தோட்டமும் கச்சான் நிலமும் அந்தப் படிவத்தில் எங்கே வரும்? யானை வந்தால் வெடியாவது தருவார்கள். பன்றிக்குப் பழைய சேலைகளை வேலியில் கட்டி, ரயர் எரித்து, காவல் கொட்டிலில் கண்விழித்திருப்பது கமக்காரரின் சொந்தச் செலவு. அந்தக் கண்விழிப்பு வீட்டுப் பெண்களின் தோளிலும் விழுகிறது. கணவனை யுத்தத்தில் இழந்து தனியே வயல் செய்யும் பெண்ணுக்கு இரவுக்காவல் என்பது ஆள்கூலி, அல்லது பயிரை விட்டுவிடுதல். கடன் எடுத்து விதைத்தவருக்கு இரண்டாவது வழியும் இல்லை.

ஒன்றை அமெரிக்காவிடமிருந்து கற்கலாம். ஒவ்வொன்றாகச் சுடுவதால் பன்றித் தொகை குறையவில்லை. கூட்டம் சிதறி வேறு வயலுக்குப் போனது. ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அகற்றினால்தான் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும் என்பது அங்குள்ள கணிப்பு. அதனால் இப்போது பெரிய பட்டி அமைத்து, பல நாட்கள் தீன் போட்டுப் பழக்கி, முழுக் கூட்டமும் உள்ளே வந்த பிறகு கதவை அடைக்கிறார்கள். இது தனியொரு கமக்காரரால் முடியாது. ஒரு கமக்காரர் அமைப்புக்கு, கமநல சேவை நிலையமும் வனஜீவராசிகள் திணைக்களமும் துணை நின்றால் முடியும். உள்ளே மான் வந்தால் கதவைத் திறந்து விடலாம்; சுருக்கில் அந்த வசதி இல்லை. மூதூர், கிண்ணியா போன்ற இடங்களில் முஸ்லிம் கமக்காரரும் தமிழ்க் கமக்காரரும் பக்கத்துப் பக்கத்து வயல்களில் இதே பன்றியால் நட்டப்படுகிறார்கள். ஒருவர் அதை உண்பதில்லை, மற்றவர் உண்பார் என்பதைத் தவிர இந்த விடயத்தில் அவர்களுக்கிடையே வேற்றுமை இல்லை. கூட்டாகச் செய்யக்கூடிய வேலைகள் இந்த மாவட்டத்தில் அதிகம் இல்லை, இது ஒன்று.

இறைச்சியை என்ன செய்வது என்பதில் அவதானம் வேண்டும். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2024 ஒக்டோபரில் இலங்கையில் உறுதிப்படுத்தப்பட்டது. அது மனிதருக்கோ மானுக்கோ தொற்றாது. ஆனால் வீட்டுப்பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும் ஒரே நோய்தான். இறைச்சியிலும் கழிவிலும் அந்தக் கிருமி நீண்டநாள் உயிரோடு இருக்கும். காட்டில் இறந்துகிடக்கும் பன்றியை வெட்டி எடுத்துவருவதும், கழிவை ஊர்ப்பன்றிக்குப் போடுவதும் பன்றி வளர்த்துப் பிழைக்கும் அயல்வீட்டுக் குடும்பத்தை ஒரே வாரத்தில் கடனாளியாக்கிவிடும். செத்த பன்றியைக் கண்டால் தொடாமல் பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவிப்பதே சரி.

அடுத்த பெரும்போக விதைப்புக்கு முன்னர் மாவட்ட விவசாயக் குழுக் கூட்டங்கள் வழமைபோல நடக்கும். நீர், உரம், விதைநெல் பற்றிப் பேசப்படும். காப்புறுதிப் படிவத்தில் பன்றிச் சேதத்துக்கு ஓர் இடம், கூட்டுப் பட்டிக்கு ஓர் அனுமதி, கல்லுக்கு அப்பாலுள்ள பற்றை யாருடையது என்பதற்குக் காணி உத்தரவுப்பத்திரங்களை வைத்து ஒரு விசாரணை: இந்த மூன்றும் அந்தக் கூட்டத்திலேயே எழுத்தில் கேட்கக்கூடியவை.