வரையத் தெரியாதா? வெண்டைக்காயும் அழிரப்பரும் போதும்... கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ரெடி!

டிசம்பர் 24 நள்ளிரவு தாண்டியதும் செல்போன் அதிர ஆரம்பிக்கும். ஒரே கிறிஸ்துமஸ் தாத்தா படம் பத்துப் பேரிடமிருந்து வரும். பதிலுக்கு ஓர் எமோஜியைத் தட்டியதோடு விஷயம் முடிந்துவிடும். ஜனவரியில் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று போன் சொன்னால், முதலில் அழிக்கப்படுவதும் அந்தப் படங்கள்தான்.

அதேசமயம், 30 வருடங்களுக்கு முன் தபாலில் வந்த வாழ்த்து அட்டையை இன்னமும் பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அதை அனுப்பியவர் இன்று உயிரோடு இல்லாமல்கூட இருக்கலாம். அவர் கையெழுத்து இருக்கிறது. கையால் செய்து, கையால் எழுதி அனுப்பும் அட்டைக்கு அந்த ஆயுள் உண்டு.

'எனக்கு வரையவே வராதே' என்பதுதான் பலரும் சொல்லும் காரணம். ஸ்டாம்ப் வைத்துச் செய்யும் அட்டைக்கு ஓவியத் திறமை தேவையே இல்லை. சரியான இங்க்கைத் தேர்ந்தெடுப்பதும், அது காயும்வரை பொறுத்திருப்பதும்தான் முக்கியம்.

நேரமில்லாததால் பிறந்த வாழ்த்து அட்டை

கிறிஸ்துமஸ் அட்டை பிறந்த கதையே சுவாரஸ்யமானது. லண்டனைச் சேர்ந்த ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரிக்குப் பண்டிகைக் காலத்தில் கடிதங்கள் குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத நேரமில்லை. 1843-ல் தன் நண்பரான ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரைந்து வாங்கி, 1,000 அட்டைகள் அச்சடித்தார். அச்சான அட்டைகளுக்குக் கையால்தான் வண்ணம் தீட்டினார்கள். தன் தேவைக்குப் போக மீதியை ஒரு ஷில்லிங் விலையில் விற்றார். அன்றைக்குக் கடிதம் அனுப்ப ஒரு பென்னிதான் கட்டணம். ஒரு ஷில்லிங் என்பது 12 பென்னி. அதாவது, ஒரு டஜன் கடிதம் அனுப்பும் காசு!

அந்த அட்டைகளில் ஒன்று 2001-ல் இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்தபோது 20,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது. அது ஹென்றி கோல் தன் பாட்டிக்கு அனுப்பிய அட்டை என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

என்னென்ன வாங்க வேண்டும்?

அட்டைதான் முதலில். ஸ்டேஷனரி கடைகளில் 250 ஜி.எஸ்.எம் அட்டை என்று கேட்டு வாங்கலாம். மெல்லிய சார்ட் பேப்பரில் இங்க் பின்பக்கம் ஊறித் தெரியும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. ஓர் ஏ4 அட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் பாதியாக மடித்தால் இரண்டு வாழ்த்து அட்டைகள் கிடைக்கும். பத்து ஏ4 அட்டைகள் வாங்கினால் 20 பேருக்கு அனுப்பலாம்.

கனமான அட்டையை நேரடியாக மடித்தால் மடிப்பு வெடித்து நார் நாராகத் தெரியும். ஸ்கேலை வைத்து, மை தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் மடிக்கும் இடத்தில் ஒரு கோடு அழுத்திவிட்டு, பிறகு மடித்தால் கடையில் வாங்கிய அட்டைபோல மடிப்பு நேராக நிற்கும்.

சமையலறையில் கிடைக்கும் ஸ்டாம்ப்

வெண்டைக்காய்: சமைக்க முடியாத முற்றல் வெண்டைக்காய்தான் இதற்குச் சரி. பிஞ்சு அழுத்தும்போது நசுங்கிவிடும். குறுக்கே நறுக்கினால் ஐந்து முனையுள்ள நட்சத்திரம் தயார்! நறுக்கியதும் டிஷ்யூ பேப்பரில் ஒற்றி, வழவழப்பை எடுத்துவிட வேண்டும்.

உருளைக்கிழங்கு: இரண்டாக நறுக்கி, வெட்டிய பக்கத்தைத் துணியில் கவிழ்த்து 10 நிமிடம் வைத்தால் ஈரம் வடியும். மர வடிவம் வேண்டுமென்றால் ஒரு முக்கோணமும் அதன் கீழே சிறு சதுரமும் இருக்கும்படி சுற்றிலும் செதுக்கினால் போதும்.

காய்கறி ஸ்டாம்ப்களை இங்க் பேடில் ஒற்றக் கூடாது. அவற்றின் ஈரம் பட்டு பேடு வீணாகிவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் புதிதாக ஒரு துண்டு வெட்டி, அதில் கெட்டியான போஸ்டர் கலரைத் தடவி, அதில் ஒற்றிக்கொள்ளலாம்.

அழிரப்பர்: பல வருடம் உழைக்கும் ஸ்டாம்ப் வேண்டுமென்றால் அழிரப்பரில் செதுக்குவதே நல்லது. படம் இடவலமாக மாறித்தான் பதியும். எழுத்துகளைச் செதுக்கும்போது இதை மறந்துவிட்டால் மொத்த உழைப்பும் வீண். ஒரு மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்தி வரைந்து, வரைந்த பக்கத்தை ரப்பரின் மேல் கவிழ்த்துத் தேய்த்தால், படம் தானாகவே திரும்பி ஒட்டிக்கொள்ளும். பிறகு, கோடுகளை விட்டுவிட்டு மீதியை எடுத்தால் போதும். கட்டர் பிடிப்பது பெரியவர்களாக இருக்கட்டும். பிளேடின் முனை எப்போதும் மறு கைக்கு எதிர்த்திசையில் நகர வேண்டும்.

குட்டிப் பிள்ளைகளுக்கு ஸ்டாம்ப்பே வேண்டாம். பென்சிலின் பின்பக்க ரப்பர், மரத்தில் தொங்கும் உருண்டைகளை அழகாகப் பதிக்கும். கட்டைவிரல் ரேகையைப் பதித்து, இரண்டு கொம்பும் சிவப்பு மூக்கும் சேர்த்தால் கலைமான்!

எந்த வேலைக்கு எந்த இங்க்?

பெரும்பாலான அட்டைகள் பாழாவது இங்க்கால்தான். மணிக்கணக்கில் உட்கார்ந்து பிள்ளைகள் செய்த அட்டையைக் கவருக்குள் நுழைக்கும்போது, நட்சத்திரம் இழுபட்டுக் கறையாகிவிட்டால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. மூன்று வகை இங்க்கைப் புரிந்துகொண்டால் இந்தச் சிக்கல் வராது.

டை இங்க்: காகிதத்துக்குள் ஊறி, சீக்கிரம் காய்ந்துவிடும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கும் அவசரத்துக்கும் இதுதான் வசதி. வெயில் படும் இடத்தில் மாட்டிவைத்தால் நாளடைவில் வெளுக்கும். ஈரம் பட்டாலும் பெரும்பாலும் கலங்கும்.

பிக்மென்ட் இங்க்: காகிதத்தின் மேலேயே தங்கும். நிறம் அடர்த்தியாக இருக்கும், எளிதில் வெளுக்காது. பிரவுன் அல்லது கறுப்பு அட்டையில் வெள்ளை, தங்க நிறம் பளிச்சென்று தெரிய வேண்டுமானால் இதுதான் தேவை. ஆனால், காய நேரம் பிடிக்கும். வழவழப்பான பளபள அட்டையில் சரியாகக் காயவே காயாது.

பெர்மனென்ட் இங்க்: கண்ணாடி, பிளாஸ்டிக், பளபள அட்டை என எதிலும் ஒட்டும். கெமிக்கல் வாசனை இருக்கும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பயன்படுத்த வேண்டும்.

ஸ்டாம்ப் பதித்த பிறகு உள்ளே வாட்டர் கலர் தீட்டும் எண்ணமிருந்தால், தண்ணீரில் கரையாத 'வாட்டர்ப்ரூஃப்' இங்க் என்று பார்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் பிரஷ் பட்டதும் கோடுகள் கலைந்துவிடும்.

தமிழ்நாட்டில் இன்னொரு விஷயத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். டிசம்பர், வடகிழக்குப் பருவமழைக் காலம். காற்றில் ஈரம் இருக்கும் நாள்களில் பிக்மென்ட் இங்க் காய இன்னும் தாமதமாகும். அட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல், ஃபேன் காற்றில் ஓர் இரவு முழுக்கப் பரப்பி வைப்பது பாதுகாப்பு.

பதிக்கும்போது...

* ஸ்டாம்ப்பைப் பேடில் ஓங்கிக் குத்தினால் இங்க் பள்ளங்களில் தேங்கும். ஸ்டாம்ப்பை நிமிர்த்திப் பிடித்து, பேடை அதன் மேல் லேசாகத் தட்டினால் சீராகப் படியும்.

* அட்டைக்கு அடியில் நாலைந்து நியூஸ்பேப்பரை மடித்து வைத்தால் ஓரங்களும் முழுமையாகப் பதியும்.

* நேராக வைத்து, அசைக்காமல் அழுத்தி, நேராகத் தூக்க வேண்டும். இப்படியும் அப்படியும் ஆட்டினால் படம் இரட்டையாகத் தெரியும்.

* மறுபடி இங்க் தொடாமல் இரண்டாவது முறை பதித்தால் படம் மங்கலாக வரும். இதையே சாதகமாக்கலாம். முதல் பதிவு பக்கத்தில் நிற்கும் மரம். மங்கலானது தூரத்து மரம். ஒரே ஸ்டாம்ப்பில் ஒரு காடே வந்துவிடும்.

* பிக்மென்ட் இங்க் ஈரமாக இருக்கும்போதே எம்பாஸிங் பவுடரைத் தூவி, மீதியைத் தட்டிவிட்டு, ஹீட் கன் காட்டினால் பவுடர் உருகி, தங்கக் கோடு மேடாகப் பளபளக்கும். தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையர் இதற்கு உதவாது. அதில் சூடு போதாது. காற்றில் பவுடரும் பறந்துவிடும்.

* வேலை முடிந்ததும் ஸ்டாம்ப்பை ஈரத்துணியால் துடைத்து வைக்க வேண்டும். காய்ந்த இங்க் அடுத்த நிறத்தைக் கெடுத்துவிடும்.

அலங்காரமும் செய்யலாம்

வெட்டி மிஞ்சிய துண்டுகளை வீணாக்க வேண்டாம். ஸ்டாம்ப் பதித்து, பஞ்ச்சிங் மெஷினில் ஓட்டை போட்டு, நூல் கோத்தால் கேக் டப்பாவில் கட்டும் பெயர் அட்டை. அதையே வரிசையாகக் கோத்தால் வாசலுக்குத் தோரணம். பிரவுன் பேப்பரில் வெள்ளை நட்சத்திரங்களைப் பதித்தால் பரிசுப் பொருளைச் சுற்றும் தாள் தயார். மூங்கில் குச்சியில் கட்டும் காகித ஸ்டாரிலும் ஒட்டுவதற்கு முன்பே ஸ்டாம்ப் பதித்துவிட்டால், உள்ளே விளக்கு எரியும்போது வடிவங்கள் அழகாகத் தெரியும். காகிதம் என்பதால் உள்ளே மெழுகுவத்தி வேண்டாம்; சூடாகாத சிறிய எல்.இ.டி பல்பே போதும்.

உள்ளே என்ன எழுதுவது?

'மெரி கிறிஸ்துமஸ்' என்பதை ஸ்டாம்ப் சொல்லிவிடும். உள்பக்கம் உங்களுக்கானது. 'போன வருஷம் நீங்க கொடுத்த கல்கல் டேஸ்ட் இன்னும் நாக்குல இருக்கு அத்தை' என்று ஒரே ஒரு வரி எழுதினாலும் அது அந்த அத்தைக்கு மட்டுமே வந்த அட்டை. கீழே பெயரோடு தேதியையும் வருடத்தையும் எழுத மறக்க வேண்டாம். பல வருடம் கழித்து எடுத்துப் பார்ப்பவர்களுக்கு அது தேவைப்படும்.

கவர் மேல் முகவரியை மழையில் கரையாத பேனாவால் எழுதி, தமிழ்நாட்டுக்குள் என்றால் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே தபாலில் சேர்த்துவிடலாம். ரப்பரும் கட்டரும் வெளியே இருக்கும்போதே கையோடு ஒரு பானையையும் இரண்டு கரும்பையும் செதுக்கிவைத்தால், அடுத்த மூன்றே வாரத்தில் வரும் பொங்கலுக்கும் வாழ்த்து அட்டை தயார்!