உயிர்த்தெழுந்த திருநாளும் சிறார் கைவேலையும்

பங்குனி வெயில் முற்றிச் சித்திரை பிறக்கும் நாட்களில், நம் திருச்சபைகளின் ஓய்வுநாட் பாடசாலைகளிலும் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றிலும், ஈஸ்டர் திருநாளை முன்னிட்டுச் சிறார்க்குக் கைவேலை பயிற்றும் வழக்கம் உண்டு. வண்ணத்தாளை முட்டை வடிவில் வெட்டி ஒட்டுதல், பஞ்சினால் முயல் செய்தல், வாழ்த்துமடலுக்கு நிறம் தீட்டுதல் என இவை பலவகைப்படும். கைவேலை பயிற்றல் நன்றே. அதில் எமக்கு ஐயமில்லை. ஆயின், செய்யும் பொருளும் செய்விக்கும் முறையும் மாறுதல் வேண்டும் என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது.

முட்டையும் முயலும் இத்திருநாளோடு சேர்ந்த வரலாறு சுவையானது. முற்காலத்து ஐரோப்பியர் தவக்காலத்தின் நாற்பது நாளும் முட்டையை விலக்கினர். கோழிகளோ நோன்பறியா, முட்டைகள் மிகுந்தன. அவையே பண்டிகையன்று நிறம்பெற்றுச் சிறுவர் கைக்கு வந்தன. முட்டை கொணரும் முயலைப்பற்றிய செய்தி 17ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் எழுத்துக்களிற் காணப்படுகின்றது. அந்நாட்டிற் பனி உருகிப் புல் தலைகாட்டும் பருவத்தில் ஈஸ்டர் வருதலின், அவை அந்நாட்டுச் சிறார்க்குக் கண்ணாற் கண்ட பொருள்களே. நம் நாகப்பட்டினத்திலோ அப்பருவத்திற் சம்பா அறுவடை முடிந்து, வயல்கள் தாளடியும் உளுந்தும் பயறுமாய்க் கிடக்கின்றன. நம் சிறார் அயல்நாட்டு வசந்தத்தின் படியைப் படியெடுக்கின்றனர். படியெடுத்தல் கற்றல் ஆகாது.

எம் இளமையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுதல் தகும். ஏழு வயதில் யாம் தாள்முயல் ஒன்று செய்து பரிசு பெற்றோம். உண்மையில் அதனைச் செய்தவர் எம் தமக்கையார். யாம் செய்தது பசை தடவியது மட்டுமே. எம் பாட்டியார் அதனை வாங்கிப் பார்த்து, "ஏன் ராசா, ஆண்டவர் கல்லறைக்கு முயல் எங்கேயிருந்து வந்தது?" என்றார். யாம் விடையறியாது நின்றோம். அவர், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிறு காலையில், எம் சிறிய தந்தையாரை ஆழிப்பேரலைக்குப் பறிகொடுத்தவர். மரித்தோர் எழுதல் என்பது அவர்க்குத் தாளில் வெட்டும் சித்திரம் அன்று.

மறு ஆண்டு, முதிய உபாத்தியாயர் ஒருவர் எங்களுக்கு வேறொரு வேலை தந்தார். பெரிய வியாழன் மாலையில் ஒவ்வொருவரும் பத்து விதைநெல் எண்ணி நீரில் ஊறவைத்தோம். வெள்ளி மாலையில் நீரை வடித்து ஈரத்துணியிற் கட்டி, கொட்டாங்கச்சியில் இட்டு மூடினோம். சனியன்று நீர் தெளித்தோம். ஞாயிறு விடியலில் துணியை அவிழ்த்தபோது வெண்முளை தெரிந்தது. நாற்றங்காலுக்கு உழவர் விதை கட்டும் முறையே இது. ஒருநாள் ஊறலும் ஒருநாள் மூட்டமும் போதும். எம்முடைய பத்தில் எட்டு முளைத்திருந்தன. பாட்டியார் அவற்றை நெடுநேரம் கையில் வைத்திருந்து, முளைத்ததையும் முளையாததையும் ஒன்றாகவே கொல்லையில் விதைக்கச் சொன்னார். காரணம் கேட்டிலோம், அவரும் சொல்லவில்லை. எத்தனையோ பிரசங்கம் கேட்டும் அக்காலையில் விளங்கியது போல் எமக்கு வேறெங்கும் விளங்கியதில்லை.

கைவழிக் கல்வி நமக்கு அயலாரிடமிருந்து வந்த புதுமை என்று எண்ணுவாரும் உளர். அஃது அன்று. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், திண்ணைப் பள்ளிச் சிறாரோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்தைக் கற்றார். கற்பிக்க வந்தவர் முதலிற் சிறார்க்கு மாணாக்கராயினார். அங்ஙனம் கற்ற தமிழிலேயே அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி நிறைவெய்தியது. 1789இற் சென்னை எழும்பூர் அநாதச் சிறுவர் விடுதியை ஏற்ற ஆந்துரு பெல் ஐயரும், நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தி, 1797இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். நம் காலத்தில், 2003இற் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், 2022இல் முதல் மூன்று வகுப்புக்களுக்கென வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அந்நெறியையே பின்பற்றுவன. மணல் நம் கடற்கரையில் இன்றும் குறைவின்றி உள்ளது.

ஆதலின், திருநாட் கைவேலைக்கு வேண்டும் பொருளை நம் மண்ணிலேயே தேடுவோமாக. குருத்தோலை ஞாயிறன்று எஞ்சும் ஓலையாற் சிலுவை முடையலாம். மடிப்பை எண்ணுதலில் எண்ணும், இடம் வலம் அறிதலில் வடிவமும் விளங்கும். வாய்க்கால் வண்டலிற் குகையொன்று பிசைந்து, உருண்டைக் கல்லால் வாயை அடைத்து, ஞாயிறு காலையில் பிள்ளையே அக்கல்லை உருட்டட்டும். கதையின் நிகழ்ச்சிகளை மணலில் வரிசையாய் வரைந்து, ஒருவர் மற்றவர்க்குச் சொல்லட்டும். நெல் முளைப்பித்தல் எல்லாவற்றினும் சிறந்தது. அதற்குச் செலவு பத்து நெல்மணியே.

இவற்றை மறுப்பார் சிலர். 'முட்டைக்கு நிறம் தீட்டுதல் பிள்ளைகட்கு மகிழ்ச்சி; அதனைப் பறித்தல் வேண்டுமோ?' என்பர். பறிக்க வேண்டா, அதனையும் அதன் வரலாற்றோடு செய்விப்பின் அறிவாகும். 'மண்ணும் ஓலையும் வகுப்பை அழுக்காக்கும்' என்பர். மரத்தடியிற் செய்யலாகாதோ? 'பல சமயத்துப் பிள்ளைகள் பயிலும் பள்ளியில் இது பொருந்துமோ?' என்பது தக்க வினா. விதை முளைத்தல் எச்சமயத்தார்க்கும் இயற்கைப் பாடமே. அதன்மேல் உயிர்த்தெழுதலின் பொருளை உரைக்கும் இடம் ஆலயமும் ஓய்வுநாட் பாடசாலையும் ஆகும். இவ்வெல்லையைக் காப்பது பிறர் நம்பிக்கைக்கு நாம் செலுத்தும் மரியாதை.

முடிவாக ஒன்று. அழகிய வேலைக்குப் பரிசளிக்கும் வழக்கத்தை விட்டொழித்தல் வேண்டும். அப்பரிசு பெரும்பாலும் தாயர்க்கும் தமக்கையர்க்குமே உரியது. அதனைப் பிள்ளையும் அறியும். கோணலாய் முடைந்த சிலுவையாயினும் பிள்ளை தானே முடைந்ததாயின் அதனையே ஆலயத்தில் வைப்போம்.

இக்கல்லூரியிற் பயிலும் நம்மிற் பலர் விடுமுறையில் ஊர் சென்று ஓய்வுநாட் பாடசாலையிற் கற்பிக்கின்றோம். சிலர் நாளை ஆசிரியராவோம். வரும் பெரிய வியாழனன்று வண்ணத்தாள் வாங்கக் கடைக்குச் செல்லுமுன், பழைய மாணவராகிய அன்பரும் நாமும், வீட்டுக் குதிரிலிருந்து ஒரு பிடி விதைநெல் எடுத்துச் செல்வோமாக. பிள்ளைகள் மூன்றாம் நாள் துணியை அவிழ்க்கையில் நாம் வாய்பேசாது அருகில் இருத்தலே போதும்.