தொழிற்சாலை வருகிறது; வாசல் யாருக்குத் திறக்கிறது?



2018-இல் அமெரிக்காவும் சீனாவும் வர்த்தகப் போரில் இறங்கின. பிறகு கோவிட் வந்தது, சிப் தட்டுப்பாடு வந்தது. ஒரே நாட்டை நம்பித் தொழில் நடத்த முடியாது என்று பெரிய மின்னியல் நிறுவனங்கள் முடிவு செய்தன. அவர்களின் பார்வை நம் பக்கம் திரும்பியது. பினாங்கில் பத்தாண்டுகளில் 3,000 கோடி வெள்ளி முதலீடு என்று 2021-இல் இன்டெல் அறிவித்தது. கூலிமில் இன்பினியோன் தன் புதிய ஆலையின் முதல் கட்டத்தை 2024 ஆகஸ்டில் திறந்தது. அதே ஆண்டு மே மாதம் அரசாங்கம், இத்துறைக்கு 2,500 கோடி வெள்ளி ஆதரவும் 60,000 பொறியியலாளர்களுக்குப் பயிற்சியும் என்று அறிவித்தது.

நல்ல செய்திதான். இதில் நம் பிள்ளைகளுக்கு என்ன பங்கு?

1972-இல் பாயான் லெப்பாஸில் முதல் தொழிற்சாலைகள் வந்தபோது வேலை கைவேலை. கண் பார்வையும் பொறுமையும் இருந்தால் போதும். இன்று அவர்கள் கேட்பது டெக்னீஷியன், பொறியியலாளர். சரி, படிக்க வைத்தோம். பிறகு?

சில மாதங்களுக்கு முன் லாரி ஓட்டும் தகப்பன் ஒருவர் மகனோடு என் அலுவலகத்துக்கு வந்தார். பையன் போலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா முடித்தவன். டெக்னீஷியன் வேலைக்கு மனுப்போட்டான். கைப்பேசியில் வந்த பதில்: மெண்டரின் பேசுகிறவர்கள் மட்டும். இயந்திரம் எந்த மொழியில் பழுதாகிறது என்று தகப்பன் என்னைக் கேட்டார்! சீனாவிலிருந்து வரும் வாடிக்கையாளரோடு பேசும் வேலைக்கு அந்த மொழி தேவைப்படலாம், மறுக்கவில்லை. இரவு ஷிப்டில் இயந்திரம் பழுது பார்ப்பவனுக்கு எதற்கு?

வழக்குப் போடலாமா என்று கேட்டார். இங்கேதான் எனக்கு நாக்கு எழவில்லை. வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் 69எஃப் என்ற பிரிவு நடப்பில் உள்ளது. பாகுபாடு பற்றிய புகாரைத் தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம். ஆனால் அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறுக்கு மட்டுமே. மனுப்போட்டவன் இன்னும் தொழிலாளி ஆகவில்லையே! பாகுபாடு என்றால் என்ன என்ற விளக்கத்தையும் அந்தத் திருத்தத்தில் எழுதாமல் விட்டார்கள். அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு சமத்துவம் பேசுகிறது. ஆனால் தனியார் நிறுவனத்துக்கு எதிராக அதைப் பயன்படுத்த முடியாது என்று 2005-இல் விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே சட்டம் உள்ளே இருக்கிறது, நம் பிள்ளை வெளியே நிற்கிறான்.

நாம் கேட்பது சலுகை அல்ல. வேலை தேடுவோரையும் 69எஃப் பிரிவில் சேர்க்க வேண்டும். மொழி நிபந்தனை போடும் நிறுவனம், அந்த வேலைக்கு அது ஏன் தேவை என்று எழுத்தில் காட்ட வேண்டும். வரிச்சலுகை பெறும் தொழிற்சாலைகள் எந்த இனத்தவரை எந்த வேலையில் வைத்திருக்கின்றன என்ற கணக்கு வெளியே வர வேண்டும். அந்தச் சலுகை நம் வரிப்பணமும்தானே?

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், சம்பளத்திலோ பதவி உயர்விலோ ஒதுக்கப்பட்டால், தொழிலாளர் இலாகாவில் இன்றே புகார் கொடுக்கலாம். வேலை மறுக்கப்பட்டவர்கள் விளம்பரத்தையும் வந்த பதிலையும் அழித்துவிடாதீர்கள். தேதியோடு பிரதி எடுத்து எங்களிடம் கொடுங்கள். மனிதவள அமைச்சுக்குத் தயாராகும் மகஜரில் அவற்றை இணைக்கிறோம். லாரிக்காரரின் மகனுக்கு வந்த பதில்தான் அதில் முதல் தாள்.