கத்தாத கழுதைக்கும் வலிக்கும்

'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?' என்று சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். கழுதைக்கு வயிறு வலித்தால் நமக்குத் தெரியுமா?

குதிரை தரையில் புரளும், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். கழுதையோ பெரும்பாலும் பேசாமல் நிற்கும். நோய் முற்றிய பிறகுதான் விஷயமே வெளியே வரும்.

அந்த வலிக்கு ஒரு காரணம் நாடாப்புழு. புல்லோடு சேர்ந்து, இளம்புழுவைச் சுமக்கும் ஒரு பொடிப்பூச்சியும் வயிற்றுக்குள் போய்விடுகிறது. குதிரை, கழுதைகளில் முக்கியமாக மூன்று வகைப் புழுக்கள் உண்டு. 'அனோப்ளோசெஃபாலா மேக்னா' நீளமானது. 'பெர்ஃபோலியாட்டா' சில சென்டிமீட்டர்தான். ஆனால் அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு குடலையே அடைக்கக்கூடும். மூன்றாவது 'மாமிலானா', மிகச் சிறியது. பிள்ளைகளைக் குதிரைச் சவாரிக்கு அழைத்துப் போகிறவர்கள் பயப்பட வேண்டாம், இவை மனிதர்களுக்குத் தொற்றுவதில்லை.

லத்தியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் முட்டையைத் தேடுவது பழைய வழி. முட்டை தினமும் வெளியே வராது. வந்தாலும் மூன்று வகையும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். இங்கேதான் மரபணுச் சோதனை கைகொடுக்கிறது. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்தார்களே, அதே பிசிஆர் முறை! புழுவின் மரபணுவில் 'ஐடிஎஸ்2' என்ற பகுதி வகைக்கு வகை வேறுபடும். துளி அளவு கிடைத்தாலும் அதைப் பல லட்சம் பிரதிகளாகப் பெருக்கி, எந்தப் புழு என்று பெயரைச் சொல்லிவிடலாம்.

பெயர் தெரிந்து என்ன லாபம்? நாடாப்புழுவுக்குக் கையில் இருப்பவை முக்கியமாக இரண்டே மருந்துகள்: பிராசிகுவான்டல், பைரன்டெல். குத்துமதிப்பாக எல்லா விலங்குக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தால் புழுக்கள் மருந்துக்குப் பழகிவிடும். பிறகு எதைக் கொடுப்பது?

உலகிலேயே அதிகக் கழுதைகள் உள்ள நாடு எத்தியோப்பியா. அங்கே பல குடும்பங்களுக்குத் தண்ணீரும் தானியமும் வருவது கழுதையின் முதுகில்தான். அது படுத்துவிட்டால், அந்தச் சுமை வீட்டுப் பெண்களின் முதுகுக்கு மாறும்.

வானொலியில் தினமும் அழைக்கும் நேயர்களை எனக்குக் குரலை வைத்தே தெரியும். ஒருநாளும் அழைக்காதவர்கள் கேட்பதில்லை என்று நினைத்தால் தவறு என் மீதுதான். கழுதை விஷயத்திலும் அப்படித்தான். அது சொல்லாது, நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.